பிரேக்குக்குள் புகுந்த காற்று

சேலத்தில் என் தம்பி மகள் கல்யாணம் முடிந்த மறுநாள் காலை, மண்டபத்து வாசலிலிருந்தே நானும் என் கணவரும் சைக்கிளில் கிளம்பினோம். ஒரே சைக்கிள்தான். இரண்டு இருக்கை, இரண்டு ஹேண்டில்பார், இரண்டு ஜோடிப் பெடல். முன்னால் நான், பின்னால் அவர். வழியனுப்ப வந்த சொந்தக்காரர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் கவலைப்பட்டார்கள். என் தம்பி இரண்டையும் செய்தான்.

என் கணவர் சந்திரசேகரன் மாயவரத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். கண்ணில் நீர் அழுத்தம் கூடி, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, இப்போது வெயிலும் நிழலும் மட்டும் பிரிந்து தெரிகிறது. கண் இருந்த காலத்தில் அவருக்குச் சைக்கிள் பைத்தியம். அதை விட முடியாமல், புதுச்சேரியிலிருந்து ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடம் இந்த இரட்டை சைக்கிளைப் பழசாகவே வாங்கினார். அதற்காக நான் ஐம்பதை நெருங்கும் வயதில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டேன். முழங்கையிலும் முழங்காலிலும் அதற்கான தழும்புகள் இருக்கின்றன.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இரண்டு பேர் பெடலும் ஒரே சங்கிலியில் கோர்த்தவை. அவர் மிதிப்பதும் மிதிக்காமல் ஏமாற்றுவதும் என் காலில் தெரிந்துவிடும். என்னுடையது அவர் காலில் தெரியும். பேசாமல் மைல்கணக்கில் போனாலும் ஒருவரைப் பற்றி ஒருவருக்குச் சேதி வந்துகொண்டே இருக்கும்.

"எங்கே போகணும்?" என்று கேட்டபோது, "ஜேடர்பாளையம்" என்றார். "நம்ம ஊருக்குக் காவிரி வந்து சேர்றப்போ களைச்சுப்போயி வருது. அது தெம்பா இருக்கிற இடத்துல, தடுப்பணையில விழற சத்தத்தைக் கேக்கணும்."

ஆட்டையாம்பட்டி வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. முறுக்குக்குப் பேர் போன ஊர். கடைக்குக் கடை எண்ணெய்ச் சட்டி வாசனை. ஒரு கடைக்காரர் எங்களைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க, ரெண்டு பேரும் ஒரே வண்டீல உக்காந்திருக்கீங்களே, ஆருங்க நெசமா மிதிக்கிறது?"

"அவங்கதான். நான் சும்மா காலை வச்சிருக்கேன்" என்றார் இவர்.

"நானும் அப்படித்தானுங்க நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு அவர் எனக்கு மட்டும் ஒரு முறுக்கு கூடுதலாகக் கொடுத்தார்.

எங்கள் பக்கத்துத் தரை, தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கமும் ஓடாத தரை. மாயவரத்திலிருந்து எந்தத் திசையில் போனாலும் ஏற்றம் என்றால் வாய்க்கால் மதகு, இறக்கம் என்றால் அதே மதகின் மறுபக்கம். இங்கே அப்படி இல்லை. சமவெளி என்றுதான் பெயர். ஆனால் நிலம் மெல்ல ஏறி, நாம் மறந்த நேரத்தில் இறங்குகிறது. இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு, தூரத்தில் மொட்டைக் குன்றுகள், நடுநடுவே நீளநீளமாகக் கோழிப் பண்ணைகள். ஏறும்போது இருவரும் மூச்சு வாங்கினோம். இறங்கும்போது அவர் பின்னாலிருந்து பாட்டு முனகினார்.

வையப்பமலைக்கு இந்தப் பக்கம் ஒரு நீண்ட இறக்கம். அங்கேதான் அது நடந்தது.

எங்கள் சைக்கிளில் பிரேக்குக்கு ஒயர் கிடையாது. லீவருக்கும் சக்கரத்துக்கும் நடுவே மெல்லிய குழாய், அதற்குள் எண்ணெய். லீவரை அழுத்தினால் எண்ணெய் போய் இரண்டு கட்டைகளைத் தள்ளி, சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்வ வைக்கும். சேலத்தை விட்டு வந்ததிலிருந்தே முன் பிரேக் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. இரண்டு முறை அழுத்தினால் பிடித்ததால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இறக்கத்தில் அழுத்தினேன். லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போய் ஹேண்டில்பாரைத் தொட்டு நின்றது. மறுபடியும் அழுத்தினேன், அதேதான். பின் பிரேக் அரை மனதாகப் பிடித்தது. இரண்டு ஆள் பாரமும் பைகளும் சேர்ந்து எங்களைத் தள்ளிக்கொண்டு போயின.

கீழே ஒரு வளைவு. வளைவுக்கு அப்பால் ஒரு லாரி ஏறி வரும் சத்தம். "பிடிக்கலைங்க!" என்று கத்தினேன். பின்னால் செருப்பு தார் ரோட்டில் தேய்கிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் இரண்டு காலையும் ஊன்றிவிட்டார். ரோட்டோரம் ஒரு தோட்டத்து வேலிச் சந்தும், உள்ளே காய்ந்த சோளத்தட்டுகளை அடுக்கிய போரும் தெரிந்தன. யோசிக்கவே இல்லை. அதற்குள் விட்டேன்.

சோளத்தட்டு வெளியிலிருந்து பார்க்க மெத்தென்று இருக்கும். மோதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், நடுவில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. அவர் "கௌரி, கௌரி" என்று கூப்பிடுகிறார், எனக்குக் காதில் விழுகிறது, பதில் வரவில்லை. கைகளால் தரையைத் தடவிக்கொண்டு தப்பான திசையில் என்னைத் தேடிப் போனார். ஒருவழியாக மூச்சு வந்து "இங்கே இருக்கேங்க" என்று சொன்னதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தோட்டக்காரரும் அவர் மனைவியும் ஓடி வந்தார்கள். அவர் ஈஸ்வரன், அந்த அம்மா பூங்கொடி. சொந்தத் தோட்டம், பின்னால் சின்னதாக ஒரு கோழிப் பண்ணை.

"ஏனுங்க சாமி, அடி கிடி பட்டிருச்சுங்களா?" என்றார் ஈஸ்வரன்.

"உங்க தட்டுப் போரைக் கலைச்சுட்டோம்" என்றேன்.

"அது கெடக்குதுங்க. மாடு திங்கறதுதானே. மொதல்ல ஊட்டுக்கு வாங்க."

பூங்கொடி சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினார். இவர் கை சொம்புக்கு இந்தப் பக்கம் காற்றில் துழாவியது. பூங்கொடி ஒரு கணம் பார்த்தார். இவர் கையைப் பிடித்துச் சொம்பின் மேல் வைத்தார். அப்புறம் நாங்கள் அங்கே இருந்தவரை எதைக் கொடுத்தாலும் அப்படித்தான் கொடுத்தார்.

என் கணவருக்கு ஒரு குதிகால் சிராய்ந்திருந்தது. எனக்கு விலாவில் வலி. மருந்து போட்டு, எங்களை அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் அரிசியும் பருப்பும் போட்ட சோறு, அதன் தலையில் நல்லெண்ணெய். கூடவே முட்டைக் குழம்பு, முட்டைப் பொரியல், போதாததற்கு அவித்த முட்டை. "இதென்னுங்க இத்தனை முட்டை?" என்று நானே அவர்கள் பேச்சில் கேட்டுவிட்டேன். "நாமக்கல் பக்கம் வந்துட்டு முட்டை வேண்டாம்னா எப்படீங்க?" என்று பூங்கொடி இன்னொன்று வைத்தார்.

சாப்பிட்டபின் வாசல் கட்டிலில் இவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: "ஊருக்குப் போனதும் இதை வித்துடலாங்க."

"சரி" என்றார்.

சண்டை போடுவார் என்று நினைத்திருந்தேன். அதற்கான பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் சட்டென்று ஒப்புக்கொண்டது எனக்குத் தாங்கவில்லை. அந்தச் சைக்கிள் போனால் அவருக்கு மிஞ்சுவது எங்கள் தெருவும், ரேடியோவும், நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் கோயிலும்தான். அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த லாரிச் சத்தம் காதிலேயே இருந்தது.

மறுநாள் காலை நான் எழுந்து வருவதற்குள் அவர் சைக்கிள் பக்கத்தில் குந்தியிருந்தார். முன் லீவரை அழுத்துவதும் விடுவதுமாக இருந்தார்.

"காத்து புகுந்திருக்கு" என்றார். "சேலத்துக்கு வேன்ல வர்றப்போ வண்டியைத் தலைகீழா வச்சாங்கள்ல? எண்ணெய் ஏற்கெனவே கொறைஞ்சிருந்திருக்கணும். கவிழ்த்ததும் காத்து குழாய்க்குள்ள எறங்கிருச்சு. எண்ணெயை அழுத்தினா கட்டைக்குப் போகும். காத்தை அழுத்தினா அது சுருங்கிக்கிட்டு சும்மா இருக்கும்."

"விக்கத்தானே போறோம்."

"விக்கலாம். கெட்டுப்போனதா விக்க வேண்டாம்."

ஈஸ்வரன் தன் மோட்டார் சைக்கிளுக்கு வைத்திருந்த பிரேக் ஆயிலைக் கொண்டுவந்து கொடுத்தார். இவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். விரலில் தொட்டுத் தேய்த்தார். "இது நம்ம வண்டிக்கு ஆகாதுங்க. நம்ம பிரேக்குல இருக்கிற ரப்பர் வளையமெல்லாம் ஊதிப் போயிடும். மினரல் ஆயில் வேணும். நிறமில்லாம, மெல்லிசா."

ஈஸ்வரன் கொஞ்சம் யோசித்தார். "நூல் மில்லுல நூல் சுத்தற ஸ்பிண்டிலுக்கு ஊத்துவாங்களே, அது அப்படித்தானுங்க இருக்கும், தண்ணியாட்டம். என்ற மச்சான் மில்லுலதான் இருக்கறான். வாங்கிட்டு வாரேன்" என்று உடனே வண்டியை எடுத்தார்.

அவர் வருவதற்குள் பூங்கொடி மற்றதையெல்லாம் சேர்த்துவிட்டார். கோழிகளுக்கு ஊசி போடப் பிரிக்காமல் வைத்திருந்த பெரிய சிரிஞ்சு, ஒரு மாட்டுக்குக் குளுக்கோஸ் ஏற்றி மிஞ்சிய மெல்லிய குழாய், பஞ்சு, ஸ்பிரிட். "கோழிக்கும் சைக்கிளுக்கும் ஒரே வைத்தியமுங்களா?" என்று கேட்டுவிட்டு எங்களோடு அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

எண்ணெய் வந்தது. இவர் விரலில் தேய்த்து, முகர்ந்து, தலையாட்டினார். "சரியா இதேதான்னு சொல்ல மாட்டேன். ரப்பரைக் கெடுக்காது. ஊர் போய்ச் சேந்ததும் மாத்திடலாம்."

முன் சக்கரத்தைக் கழற்றினோம். கவ்வுகிற கட்டைகள் இரண்டையும் எடுத்துத் தாளில் சுற்றித் தூர வைத்தார். அவற்றில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் அப்புறம் வழுக்கும், பிடிக்காது. கட்டை இருந்த இடத்தில் ஒரு மரச் சக்கையைச் செருகினார். கீழே, கட்டைகளைத் தள்ளுகிற பாகத்தில் ஒரு சின்ன மூக்கு இருக்கிறது. அதில் குழாயை மாட்டி, எண்ணெய் நிரப்பிய சிரிஞ்சைப் பொருத்தினார். மேலே லீவர் பக்கத்தில் இருக்கும் சின்ன எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியை நான் திருகி எடுத்தேன். கீழிருந்து எண்ணெயைத் தள்ளினால் காற்று குமிழ் குமிழாக மேலே வந்து கிண்ணத்தில் வெளியேறும். தள்ளுவதும் மூக்கைத் திறந்து மூடுவதும் அவர் வேலை. பார்ப்பது என் வேலை.

"தள்றேன். வருதா?"

"வருது."

"எவ்வளவு பெருசு?"

"கடுகு அளவு" என்றேன்.

"நெறையவா?"

"தாளிச்ச மாதிரி வருது."

அவர் சிரித்தார். நேற்று மத்தியானத்துக்கு அப்புறம் முதல் சிரிப்பு. ஸ்பேனரால் மூக்கை இறுக்கி, சிரிஞ்சை நிரப்பி, மறுபடியும் தள்ளினார்.

"இப்போ?"

"கசகசா."

"இப்போ?"

"ஒண்ணும் வரலை. எண்ணெய்தான் வருது."

மூக்கை மூடிவிட்டு எழுந்து வந்து லீவரை அழுத்தினார். முகம் வாடியது. "இன்னும் இருக்கு. எங்கேயோ ஒட்டிக்கிட்டு இருக்கு." மறுபடியும் முதலிலிருந்து. மறுபடியும் ஒன்றும் வரவில்லை. மறுபடியும் லீவர் பஞ்சாக உள்ளே போனது. வெயில் வந்து, சைக்கிளை வேப்ப மரத்தடிக்கு நகர்த்தினோம். பூங்கொடி மோர் கொண்டு வந்து கொடுத்தார்.

மோரைக் குடித்தபடி என் கணவர் தானாகச் சொன்னார்.

"நேத்து விழுந்ததுல எனக்குப் பயம் ஒண்ணும் இல்லை கௌரி. விழுந்தப்புறம்தான். நீ எந்தப் பக்கம் கெடக்குறேன்னு தெரியலை. கூப்பிட்டேன், சத்தம் வரலை. உன்னை எங்கேன்னு தேடுறது? அதான் நீ வித்துடலாம்னதும் சரின்னுட்டேன். எனக்காக நீ ஓட்டப் போயி உனக்கு ஒண்ணு ஆகக் கூடாது."

அவருக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாது என்றுதான் நான் விற்கச் சொன்னேன். அவர் முழங்கையில் ஒட்டியிருந்த எண்ணெயைப் பஞ்சால் துடைத்துவிட்டேன். பூங்கொடி கோழிகளைப் பார்த்துவிட்டு வருவதாக எழுந்து போய்விட்டார்.

அப்புறம் அவர் ஸ்பேனரின் பிடியால் குழாயைக் கீழிருந்து மேலே மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். குழாய் வளைகிற இடத்தை நேராக்கிப் பிடித்தார். "இப்போ நீ லீவரை மெதுவா அழுத்து. விடு. அழுத்து. விடு. கிண்ணத்தைப் பாத்துக்கிட்டே இரு."

ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. பிறகு கிண்ணத்தின் அடியிலிருந்து ஒரு குமிழ் உருண்டு வந்து மேலே உடைந்தது.

"வந்துருச்சு! மிளகு! முழு மிளகு!"

"லீவரை அழுத்து."

அழுத்தினேன். பாதி தூரத்தில் என் விரல்களின் கீழே அது நின்றுவிட்டது. கல்லைப் பிடித்தது போல. அவர் கையை எடுத்து லீவரில் வைத்தேன். அவர் அழுத்தினார், விட்டார், அழுத்தினார். கையை எடுக்கவே இல்லை. வெயில் இருக்கும் திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுத்திக்கொண்டே இருந்தார்.

கிண்ணத்தை நிரப்பி மூடி, தட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, கட்டைகளையும் சக்கரத்தையும் மாட்டினோம். பின் பிரேக்குக்கும் அதே வைத்தியம் செய்தோம். அது சாதுவாக உடனே ஒத்துழைத்தது.

"பாரத்தோட ஓட்டிப் பாக்கணும்" என்றார் இவர். "நான் ஏறிக்கிறேன்."

"நீங்க வேண்டாம்" என்றேன். "முதல்ல நான் மட்டும்."

"ஒரு ஆளு பாரத்துல தெரியாது கௌரி."

"நான் ஏறிக்கட்டுங்களா?" என்றது பூங்கொடியின் குரல்.

ஈஸ்வரன் திடுக்கிட்டார். "உனக்கெங்க சைக்கிள் தெரியும்?"

"பொறவால உக்காரத்தானுங்க. அவிய ஓட்டுவாங்க." சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டார். தோட்டத்துச் சரிவில், மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே இருக்கும் மண் தடத்தில் இறங்கினோம். பாதியில் பிடித்தேன். நின்றது. ஒரு அடி கூட வழுக்காமல் நின்றது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பின்னாலிருந்து பூங்கொடி, "ஏனுங்க, அதுக்குள்ள நிறுத்திப்புட்டீங்க? கடைசி மட்டும் உடுங்க!" என்றார். கடைசி மட்டும் விட்டேன். அந்த அம்மா போட்ட கூச்சலில் பண்ணையில் கோழிகள் எல்லாம் சேர்ந்து கத்தின. மூன்று முறை மேலே தள்ளிக்கொண்டு வந்து மூன்று முறை இறங்கினோம். நான்காவது முறை ஈஸ்வரனே, "பிரேக்கு நல்லாத்தான் இருக்குது, எறங்கு புள்ள" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

விற்பதைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

மூன்றாம் நாள் விடிந்ததும் கிளம்பினோம். பூங்கொடி கட்டிக் கொடுத்த பொட்டலத்தில் என்ன இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. "போயிட்டு வாரேன்" என்று நான் அவர்கள் பேச்சிலேயே சொன்னேன். "மறுக்கா வர்றப்ப ரோட்டு வழியா வாங்க சாமி, தட்டுப் போரு வழியா வேண்டாம்" என்றார் ஈஸ்வரன்.

திருச்செங்கோடு மலை வெகு தூரத்திலிருந்தே கூட வந்தது. ஊருக்குள் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகள் வரிசையாக நின்றன. இந்தியா முழுக்கப் போய்த் தண்ணீர் தேடுகிற வண்டிகளாம். ஒரு டீக்கடையில் நின்றபோது, ராஜஸ்தானிலிருந்து முந்தின நாள் திரும்பிய ஒரு ரிக் ஓட்டுநர் எங்களைப் பார்த்து, "நாங்க அத்தனை தூரம் போயிட்டு வந்திருக்கறோமுங்க, இப்படி ஒரு வண்டியைப் பாக்கலே" என்றார். எங்கள் ஊரில் காலையில் காப்பி இல்லாமல் ஒன்றும் நடக்காது. இங்கே டீதான். டீக்கடை டீ மூன்று நாளில் இவருக்குப் பிடித்துப்போய், இரண்டாவது டம்ளர் கேட்டார்.

ஜேடர்பாளையத்துக்குப் போகும் ரோட்டில் வெற்றிலைக் கொடிக்காலும் கரும்பும் வாழையும் வரத் தொடங்கின. காற்று ஈரமானது. ஆறு பக்கத்தில் இருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்தது. அப்போது ஓர் இறக்கம் வந்தது.

என் கால் விறைத்தது, அது அவர் காலுக்குப் போயிருக்க வேண்டும்.

"இறக்கமா?"

"ஆமாங்க."

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும்தான். பிடிச்சுப் பாரு."

பிடித்தேன். நின்றது. இருவரும் காலை ஊன்றி, இறக்கத்தின் நடுவில் சும்மா நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து, "விடு" என்றார். விட்டேன். பத்தடி உருண்டதும், "பிடி" என்றார். நின்றது. மறுபடியும் விட்டேன், மறுபடியும் பிடித்தேன். அந்த இறக்கம் முழுக்க இப்படியே, ஒவ்வொரு புளிய மரத்துக்கும் ஒரு தடவையாக நின்றோம். என் காலிலிருந்த விறைப்பு எந்த மரத்தடியில் போனதென்று தெரியாது.

பின்னால் மொபெட்டில் வாழைத்தார் கட்டிக்கொண்டு வந்த ஒருவர் பக்கத்தில் நிறுத்தினார். "ஏனுங்க, ரொம்ப நேரமாப் பாக்கறேன், நின்னு நின்னு போறீங்க. வண்டி ரிப்பேருங்களா?"

"இல்லைங்க" என்றார் என் கணவர். "நல்லாப் பிடிக்குது. அதான் நின்னு நின்னு போறோம்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்பச் சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கீழே தென்னைகளுக்கு நடுவில் காவிரி தெரிந்தது. பிரேக்கைப் பிடித்து நிறுத்திச் சொல்ல வாயெடுத்தேன். அவர் என் தோளைத் தொட்டுத் தடுத்தார். திரும்பிப் பார்த்தேன், தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கேக்குது" என்றார். "விடு."

விட்டேன்.